காட்டில் வைத்த மடை

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சுவிஸில் சோலோதுர்ன் நகரத்துக்கு மேலே உள்ள காட்டுக்குள் நான் வைரவருக்குப் பொங்கினேன். இதை வாசிக்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நானும் ஒரு காலத்தில் இதே காரியத்துக்காக ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

அந்த வருடம் மாசியில் என் கணவர் வேலைத்தளத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கிப் போயின. நடப்பாரா என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். நான் வெளியே வந்து கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி நேர்ந்துவிட்டேன். வைரவரே, இந்த மனுசன் தன்ர காலில நடந்தால் என்ர கையால பொங்கி, வடைமாலை சாத்தி, உனக்கு மடை வைப்பன்.

'என்ர கையால' என்ற அந்தச் சொல்தான் பிறகு என்னை ஆட்டி வைத்தது. எங்கள் குடும்பத்தில் வைரவர் மடை, அதாவது அவருக்கு வைக்கும் படையல், ஆண்களின் வேலை. உழுந்து அரைப்பதும் வடை சுடுவதும் மாலையாகக் கோர்ப்பதும் நாங்கள். அதைக் கொண்டுபோய் மரத்தடிச் சூலத்துக்குச் சாத்திக் கற்பூரம் காட்டுவது அவர்கள். நாங்கள் தள்ளி நின்று கும்பிடுவோம். நான் ஒன்றும் வழக்கத்தை மாற்றப் புறப்பட்டவள் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்தது வந்ததுதானே.

புரட்டாசியில் அவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் தனியே நடந்துபோய் வந்தார். அன்றைக்கே ஊஸ்டரில் இருக்கும் அத்தானுக்கு டெலிபோன் எடுத்தேன். அத்தான் என் கணவரின் தமையன். அவரைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை. நல்ல மனுசன். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுக்க ஒரு சனிக்கிழமை தவறாமல் கார் ஓடி வந்தவர். அதனால்தான் அவருக்கு எதிர்த்துக் கதைப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பொம்பிளையள் வைரவருக்கு மடை வைக்கிறேல்லை, பிள்ளை. கோயிலில ஒரு அபிஷேகத்துக்குச் சொல்லிவிடு. அது காணும், வேறொண்டும் தேவையில்லை."

"நான் நேர்ந்தது என்ர கையால எண்டு, அத்தான்."

"சூலமும் இல்லை, எங்கட மரமும் இல்லை. எங்க வைக்கப்போறாய்? இஞ்சத்தைக் காட்டுக்க எல்லாம் வைரவர் வரமாட்டார்."

அத்தோடு கதை முடிந்தது. என் கணவரைப் பார்த்தேன். "அண்ணை சொல்லுறார்தானே, விடன்" என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டதைத் தந்த தெய்வத்திடம் போய், நான் சொன்ன சொல்லை அத்தான் மாற்றச் சொல்லிவிட்டார் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பிளாட்டிலோ பல்கனியில் ஒரு ஊதுபத்தி கொளுத்தினாலே மேல்வீட்டு மனுசி எட்டிப் பார்ப்பாள். மின்சார அடுப்பில் பொங்கலாம்தான். ஆனால் வைரவர் வெளியில் நிற்கிற தெய்வம்.

இந்த இடத்தில்தான் நான் சிரித்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஒரு முதியோர் இல்லத்தின் லாண்டரியில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு துணி மடிக்கிற சுவிஸ்காரி ஐம்பது வயதைத் தாண்டியவர். தேவாலயத்தை விட்டு விலகி, பருவம் மாறுகிற நாட்களில் காட்டுக்குள் போய் நெருப்பு மூட்டி, ஒரு மரத்துக்குப் பாலும் பாண் ரொட்டியும் வைத்துவிட்டு வருவார். டொச் என்கிற ஜெர்மன் மொழியில் தன்னை 'ஹைடின்' என்பார். ஞானஸ்நானம் இல்லாத அஞ்ஞானி என்று அர்த்தம். அந்த இல்லத்திலிருந்த ஒரு வயதான அம்மா ஒருமுறை என் பொட்டைப் பார்த்துவிட்டு அதே சொல்லைச் சொல்லி, நீ அப்படியோ என்று என்னைக் கேட்டிருக்கிறார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவரோ அதைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லித் திரிவார். மரத்தைக் கும்பிடுகிற விசர் மனுசி என்று நானும் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் எவ்வளவு சிரித்திருப்போம். அவர் மரத்தோடு கதைப்பதை நான் நடித்தே காட்டியிருக்கிறேன்.

அந்தக் கிழமை நான் வாய் திறக்காமல் மடிப்பதைக் கண்டு என்ன விஷயம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டொச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு தரமும் சிரிக்கவில்லை.

தன் கதையையும் சொன்னார். முதலில் தன்னைப் போன்றவர்களின் குழு ஒன்றில் இருந்தாராம். ஆதியில் இப்படித்தான் செய்தார்கள், இல்லை அப்படித்தான் என்று அங்கே எந்த நேரமும் சண்டையாம். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொல்வதென்றால், "எங்கட ஆக்கள் இதைக் கைவிட்டு எத்தினையோ நூறு வருசம். ஆர் சரியெண்டு ஆருக்குத் தெரியும்? நான் விட்டிட்டு வந்து என்ர பாட்டில செய்யிறன். உனக்கு எண்டால் சொல்லித்தர ஆக்கள் இருக்கினம். பிறகு என்ன பிரச்சினை?"

"அதுதான் பிரச்சினை" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவருக்கு நெருப்பு மூட்ட அனுமதியுள்ள ஒரு இடம் காட்டுக்குள் தெரியும். செவ்வாய்க்கிழமை இருவருக்கும் வேலை இல்லை.

முதல் நாளே ஆரே ஆற்றங்கரையில் ஒரு கல் எடுத்து வந்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி வைத்தேன். ஆற்றங்கரைக் கல்லெல்லாம் வைரவராகுமோ என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம். ஆனால் எங்கள் வீட்டுச் சூலத்தையும் ஒரு நாள் யாரோ ஒருத்தர்தானே முதன்முதலில் நட்டிருப்பார். அவர் யாரைக் கேட்டிருப்பார்? செவ்வாய் விடிய எழும்பி முழுகி, உழுந்து அரைத்து, மிளகு போட்டு இருபத்தொரு வடை சுட்டுக் கோர்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனால், என் கணவர் அங்கே நாற்காலியில் இருந்தபடி சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "நடந்தது நான்தானே, நான் வராமல் என்ன நேர்த்தி?" என்றார். ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

சுவிஸ்காரி காட்டு வாசலில் தன் கிழட்டு நாயுடன் நின்றார். என் கணவருக்காக மெல்ல மெல்ல மேலே ஏறும்போது, சுவிஸ்காரியைப் பார்த்துச் சிரித்ததை நான் ஒப்புக்கொண்டேன். "தெரியும். நீ நடிச்சுக் காட்டினது உடுப்புத் தோய்க்கிற மெஷின் கண்ணாடியில வடிவாத் தெரிஞ்சது" என்றார். வெட்கத்தில் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

விறகெல்லாம் ஈரம். நான் ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். அவர் மரப்பட்டை உரித்து, சுள்ளி அடுக்கி, பத்து நிமிசத்தில் நெருப்பை எழுப்பித் தந்தார். பொங்கலில் மட்டும் கை வைக்கவில்லை. "அது உன்ர சொல்" என்று தள்ளிப்போய் நின்றார். பால் பொங்கி வழிந்தது. கல்லுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, என் கையாலேயே வடைமாலையைச் சாத்தினேன். நெருப்புப்பெட்டி எடுக்கத் திரும்பினேன்.

அவ்வளவுதான். பின்னால் சளக் சளக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், மரத்தில் கட்டியிருந்த நாய் கழுத்துப்பட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, மாலையைத் தின்றுகொண்டு நிற்கிறது. கற்பூரம் காட்டவில்லை. மடை ஏறவில்லை. அதற்குள் எல்லாம் எச்சில். அத்தான் சொன்னது பலித்துவிட்டது, இந்த மனுசனின் காலுக்கு என்ன வரப்போகிறதோ என்று நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். சுவிஸ்காரி முகம் சிவந்து, நாயைப் பிடித்து இழுத்தபடி திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போது என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். விழுந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏனப்பா அழுறாய்? வைரவற்ற வாகனம் என்னது?"

எனக்கு ஒரு நிமிசம் ஓடவில்லை. பிறகு ஓடியது. நாய். வைரவரின் வாகனம் நாய். சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்துக் கும்பிட்ட நாய்.

"இஞ்சத்தைக் காட்டுக்க வரமாட்டார் எண்டு அண்ணை சொன்னவர். வாகனத்தை முன்னுக்கு அனுப்பிப்போட்டார்" என்றார்.

சுவிஸ்காரிக்கு விளங்கப்படுத்தினேன். கண்ணைத் துடைத்தபடி அவர் நாயைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். மிஞ்சிய ஒன்பது வடையோடு கற்பூரம் காட்டினேன். அவரும் தன் பையிலிருந்த பாணை எடுத்துத் தன் மரத்தடியில் வைத்தார். பிறகு மூவரும் பொங்கல் சாப்பிட்டோம். நாய்க்கும் வைத்தேன், அதுவும் முதலாவதாக.

பின்னேரம் அத்தான் டெலிபோன் எடுத்தார். என்றைக்கு என்று என் கணவர் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். செய்யாதே என்று சொன்னவருக்கு அதே நாளில் எடுக்காமல் இருக்க முடியவில்லை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கல்லையும் சொன்னேன், நாயையும் சொன்னேன். ஏச்சு வரும், வாங்கிக்கொள்வோம் என்று இருந்தேன்.

"நாய் என்ன நிறம்?" என்று கேட்டார்.

வைரவரின் நாய் கறுப்பு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கறுப்பென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தானே நான் மலை ஏறினேன்.

"கபிலம், அத்தான், மண் நிறம். ஒரு காது மட்டும் கறுப்பு."

"ஒரு காது கறுப்பு" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"அது காணும்" என்றார்.

இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தக் காட்டுக்குப் போகிறோம், போன வருடம் அத்தானும் வந்து, நான் கற்பூரம் காட்டும்போது தள்ளி நின்று கும்பிட்டார். வழக்கத்துக்கும் என் வழிக்கும் நடுவில் நான் பயந்த அளவு தூரம் இல்லை, ஒரு காதளவு கறுப்பு காணும் என்று அவரைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.