பச்சை விளக்கு எரியாத விஜயதசமி

அடுத்தவர் நெட்டைச் சரிசெய்து கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. பூனா பக்கத்துச் சிஞ்ச்வட்டில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்த ஊரில் கத்திக்கொண்டிருக்கும் ஆளிடம் போனில் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: "வயர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா? பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதா?" பாதிப் பேருக்கு அந்தக் கேள்விக்கே கோபம் வரும். எனக்கு வராது. கோபப்படாமல் இருக்கத்தான் சம்பளம். பிறகு ஆட்குறைப்பு என்று சொல்லி, என்னையும் அனுப்பிவிட்டு, கொடுத்திருந்த லேப்டாப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் மிஞ்சியது வைஃபை இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர். கட்டடத்துக் கேபிள்காரர் மாடிப்படிப் பெட்டியிலிருந்து இழுத்துவிட்ட வயர் நேராக அதன் முதுகில் போய்ச் சேரும். "எனக்கு இனி வேலை வரும் வழி இந்த வயர்தான்" என்று மனைவியிடம் விளையாட்டாகச் சொல்வேன். மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டு, கடைசியில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அவர்கள் குறித்த நாள் விஜயதசமி. அது அவர்களுக்குத் தெரியாது, பாவம். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்க, இந்தத் தடவ கெடச்சுருமுங்க" என்றாள். கோயம்புத்தூர்ப் பேச்சை அவள் பூனாவுக்கு வந்தும் விடவில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டு ஆயுதங்கள் அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்கூட்டர், கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, மராத்திக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி செண்டுமல்லி மாலையும் போட்டாள். சாயங்காலம் ஒரு முறை கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். காலையில் கற்பூரம் காட்டும்வரை எதையும் தொடக் கூடாது என்பது பூஜை வழக்கம்.

"சாமிக்கு வெச்சதத் தொடாதீங்க. ஒரு ராத்திரிதானுங்களே?"

காலையில் கற்பூரம் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையின் மூலையில் நெட் இல்லை என்று காட்டும் சிவப்புக் குறி. கம்ப்யூட்டர் பெட்டியை மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். பின்னால் கையை விட்டுத் தடவி, வயரைக் கழற்றி மாட்டினேன். ஆஃப் செய்து போட்டேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். மாடிப்படிப் பெட்டியைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் விளக்கெல்லாம் கண் சிமிட்டின, எங்களுடையது மட்டும் இருண்டு கிடந்தது. வேறு துளையில் மாற்றிச் செருகியும் பயனில்லை. சுவருக்குள் எங்கோ வயர் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிக் கேபிள்காரரை அழைத்தேன்.

"சாப், ஆஜ் தசரா ஹை. கல் தேக்தே ஹை."

இன்று தசரா, நாளை பார்க்கலாமாம். எனக்கு நாளை எதற்கு?

நேர்காணலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோதுதான் பெட்டியை இழுத்துத் திருப்பி, போன் வெளிச்சத்தில் அந்தத் துளையைப் பார்த்தேன். உள்ளே சந்தனம். வயரின் முனையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். வேலை வரும் வழிக்கே பொட்டு வைத்து, அக்கறையாக மறுபடி செருகியிருக்கிறாள். ராத்திரியெல்லாம் காய்ந்து இறுகியதை, மாற்றி மாற்றிச் செருகி இன்னும் உள்ளே திணித்தது நான். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அசையவில்லை. ஊக்கால் சுரண்டினேன். உள்ளே இருந்த மெல்லிய கம்பி ஒன்று வளைந்து ஒடிந்தது. இவ்வளவு வருட அனுபவம்!

போன் நெட்டைச் சார்ஜர் வயர் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்து உட்கார்ந்தேன். எங்கள் தரைத்தள வீட்டில் போனுக்குச் சிக்னல் வருவதே பெரிய விஷயம். திரையில் எதிரே இருந்தவரின் முகம் உறைந்தது, குரல் துண்டு துண்டாக விழுந்தது. சோதனைக்காகச் சரிசெய்யச் சொன்ன கோளாறு என்ன என்றுகூட எனக்குக் கேட்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்ன ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. "உங்கள் வயர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா?"

இந்த முறை எனக்குக் கோபம் வந்தது. மேலும் இரண்டு முறை இணைப்பு அறுந்த பிறகு அவர்கள் திரும்ப அழைக்கவில்லை.

அவள் பாயசக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எப்படீங்க போச்சு?"

"கேபிள்காரன் கழுத்த அறுத்துட்டான்" என்றேன். அதன் பிறகு மாடிப்படியில் அந்த மனிதரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சந்தன விஷயம் இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது ஸ்கூட்டரில் பிம்ப்ரிப் பக்கம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த வருட ஆயுத பூஜையில் அரிவாள்மனைக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தாள், ஸ்கூட்டருக்கு மாலையே போட்டாள். கம்ப்யூட்டரைத் தாண்டிப் போய்விட்டாள்.

"இதுக்கு வெக்கலியா?"

"அதுக்கெதுக்குங்க, சும்மாதான கெடக்குது" என்றவள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு வரைக்கும் எல்லாம் காத்துட்டு இருக்க வேண்டாமுங்க. நீங்க வண்டிய எடுத்துட்டுக் கெளம்புங்க. சாமி ஒண்ணுஞ் சொல்லாது."

போன வருடம் சாமி அப்படி இல்லை. பழத்தின் மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.