என் அக்கா வரிக்காரி ஆன கதை

எங்கள் குப்பத்துக்குள் எந்த அரசாங்கக் காகிதம் நுழைந்தாலும் கடைசியில் அது என் வீட்டில் வந்துதான் நிற்கும். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது குப்பம். நான் அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணமாகி, மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கும் டைப்பிங்கும் பார்க்கிறவள். விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். எனக்குக் கை பரபரக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படி என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் மீன்குஞ்சுப் பாதுகாப்பு உதவித் திட்டத்தின் விண்ணப்பம். மழைக்காலத்தில் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வரும். உள்ளே வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். அந்த மாதங்களில் முகத்துவாரத்தில் யாரும் மீன் பிடிப்பதில்லை என்று ஊர் கூடித் தீர்மானம் போட்டுக் கொடுத்தால், அங்கே தொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு உதவித்தொகை கொடுக்கும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. கேட்கும்போது எல்லாத் திட்டமும் எளிதாகத்தான் இருக்கும்.

‘இணைக்க வேண்டியவை’ என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், படகின் பதிவு எண், தொழில் செய்யும் இடத்திலேயே நின்று எடுத்த போட்டோ, ஊர்த் தீர்மானத்தின் நகல், முகத்துவாரத்தில் தொழில் செய்கிறவர்களின் பட்டியல், அதில் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும். எல்லாம் மூன்று மூன்று படி. அலுவலக ஜெராக்ஸ் மெஷினில் அதைப் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் ஆடிட்டர் அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏண்டி, இதே வேலையை ஒரு கம்பெனிக்குப் பண்ணியிருந்தா ஃபீஸாவது வந்திருக்கும். போனாப் போறது, அந்த ட்ரேல இன்னும் பேப்பர் இருக்கு, எடுத்துக்கோ” என்றார்.

எனக்கு அந்தத் திட்டத்தில் அத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் என் அக்கா. எங்கள் ஆட்களில் ஆண் மீன் பிடிப்பான், பெண் விற்பாள். அக்கா பிடிக்கிறவள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஒரு காலத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கரைக்குக் கிட்டே படகு கவிழ்ந்ததில் தோள்பட்டை விலகிவிட்டது. சேர்த்துக் கட்டினார்கள், ஆனால் வலை இழுக்கிற தோள் அதோடு போய்விட்டது. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறி. அக்கா இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு முகத்துவாரத்தில் இறங்கினாள். வலை கிடையாது, படகு கிடையாது. மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, அடிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். ஆரம்பத்தில் குப்பத்தில் சிரித்தார்கள். அடையாற்றுத் தண்ணீர் என்றதும் நகரத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொள்வது வேறு. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. மகளைக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தது அந்தச் சேற்று இறால்தான்.

ஆக, முகத்துவாரத்தை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அவள் வீட்டில். உதவித்தொகை வந்தால்தான் அந்த மாதங்களை அவள் தாண்ட முடியும்.

போட்டோவுக்கு அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையோடு வந்து நின்றாள். நான் கத்தித் திருப்பி அனுப்பினேன். பிறகு எப்போதும் தண்ணீரில் இறங்குகிற கோலத்திலேயே வந்தாள்: நைட்டி, அதற்கு மேல் மாமாவின் பழைய வாட்ச்மேன் சட்டை. தோளில் இருந்த பட்டை கூடப் பிய்க்கப்படவில்லை. “இன்னாடி, ஆபீசுல பாத்தா என்னையே வாட்ச்மேன்னு நெனச்சிக்கப் போறாங்க” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் போட்டோ விழுந்தது.

மீன்துறை அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்த எழுத்தர் நல்ல மனிதர். படகு எண் இல்லையே என்று நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் சாதாரணமாக, “படகு இல்லன்னா அந்த இடத்துல ஒரு கோடு போட்டுடுங்கம்மா” என்றார். என் சண்டை வீணாகப் போயிற்று. பிறகு பட்டியலை எடுத்தார். விரலால் மேலிருந்து கீழ்வரை வந்தார். “இவங்க பேரு இதுல இல்லியே. ஊர் பட்டியல்ல பேர் இல்லாம நான் வாங்குனா மேலருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. பேரைச் சேர்த்து எடுத்துட்டு வாங்க.”

பெயரைச் சேர்ப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தப் பட்டியல் என்னுடையது இல்லை. ஊர் வரிப் பட்டியலில் இருக்கிறவர்களைத்தான் அதில் ஏற்றுவார்கள்.

எங்கள் ஊர் வரிக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லை. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுச் செலவுக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கட்டுவது. கட்டுகிறவர் வரிக்காரர். வரிக்காரருக்குத்தான் கூட்டத்தில் உட்கார இடம், வாய் திறக்க உரிமை. ஊர் என்றாலே அவர்கள்தான். பெண்களிடம் வரி வாங்குவதில்லை. மாமா கடலை விட்டபோதே வரியையும் விட்டுவிட்டார். ஆகவே அக்காவின் வீடு குப்பத்தின் நடுவில் இருந்தும் பட்டியலில் இல்லை.

தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பொம்பளைகிட்ட வரி வாங்கற வழக்கம் நம்ம ஊருல இல்லமா. அது நமக்கு ஒரு மரியாத. நாளைக்கு அடுத்த குப்பத்துக்காரன் இன்னா சொல்லுவான்? பொம்பளை துட்டுல திருவிழா நடத்துறானுங்கன்னு சொல்லுவான். வாணாம். உங்க மாமாவ வந்து பாக்கிய கட்டச் சொல்லு. அவன் பேர ஏத்திடலாம். துட்டு எப்படியும் அந்த வூட்டுக்குத்தான வருது?”

ஊரார் பெண்ணைக் கீழே தள்ளுவதாக நினைத்து விலக்கி வைக்கவில்லை. சுமையை ஏற்றக் கூடாது என்று நினைத்தே விலக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மரியாதையோடு மல்லுக்கு நிற்பதுதான் கஷ்டம்.

அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா பெயரில் போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

“தண்ணியில எறங்குறது யாரு?”

“நீதான்.”

“அப்ப அவரு பேர எதுக்கு எழுதற? மூணு காப்பி எடுத்து மூணுலயும் பொய் எழுதுவியா?”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. கோபம் வேறு வந்தது. கலெக்டருக்கே ஒரு மனு அடிக்கிறேன், பெண் என்பதால் விலக்கினார்கள் என்று எழுதுகிறேன், தலைவர் தானாக வழிக்கு வருவார் என்றேன். அடிக்கிற கை எனக்கு. ஒரு பக்கத்தில் ஆளைக் கவிழ்த்துவிடுவேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “ஊரு மேலயே எழுதிப் போடுவியா நீ? நாளைக்கு நம்ம வூட்ல ஒண்ணுன்னா தூக்கறதுக்கு அவனுங்கதான் வரணும். ஒரு மனுவும் வாணாம். நான் வரி கட்டுறேன்னு கூட்டத்துல போய் கேக்குறேன். வாங்கலன்னா அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மதில் ஓரமாக நின்றோம். அப்படி நின்று கேட்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. மாமா டூட்டியை யாருக்கோ மாற்றிவிட்டு, யூனிபார்மைக் கூட மாற்றாமல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தலைவர் எங்கள் விஷயத்தை எடுத்தார். மாமா பெயரைச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. முடிந்தது என்று அடுத்த விஷயத்துக்குப் போகப் போனார்.

மாமா எழுந்தார்.

“நீ இன்னும் வரி கட்டலியேப்பா. ஒக்காரு, கட்டிட்டுப் பேசு” என்றார் பொருளாளர்.

“அதச் சொல்லத்தான் எந்திரிச்சேன்” என்றார் மாமா. “நான் கடலுக்குப் போயி ரொம்ப வருசமாச்சி. தி.நகர்ல பொடவைக் கட கதவத் தொறந்து வுட்டுக்கினு கீறேன். நான் இப்ப மீன்காரன் இல்ல. என் பேர எழுதாதீங்க. எங்க வூட்ல தொழில் பண்றது அவ. அவகிட்ட வாங்குங்க.”

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியுமோ என்னவோ. எங்கள் ஊரில் கிழவனாகி, கண் போய், கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவன் கூடத் தன்னை மீன்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வான். நான் மீன்காரன் இல்லை என்று நடு ஊரில் நின்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமா சொன்னார். வாட்ச்மேன் சட்டையோடு நின்று, குரல் கூடத் தாழாமல் சொன்னார். அவரை நான் எத்தனையோ நாள் வாயில்லாப்பூச்சி என்று கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு என் கண் நிறைந்துவிட்டது.

தலைவர் மதில் பக்கம் திரும்பி, அக்காவிடம் நேராகக் கேட்டார்.

“வரி கட்டுறதுன்னா இந்த ஃபாரத்துக்கு மட்டும் இல்ல. திருவிழாவுக்குக் கட்டணும், கேஸுன்னா கட்டணும், சாவுக்குக் கட்டணும்.”

“கட்டுறேன்.”

“கூட்டம்னா வரணும். வரலன்னா தண்டம்.”

“வர்றேன். வரலன்னா தண்டமும் கட்டுறேன்.”

“நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“தண்ணியில எறங்குன அன்னிக்கே பேசிட்டாங்க” என்றாள் அக்கா. யாரோ சிரித்தார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பொருளாளரைப் பார்த்து, “வாங்கிக்க” என்றார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஆண்களுக்கு நடுவில் நடந்து போனாள். காலை மடக்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

மறுநாளே பட்டியலைப் புதிதாக அடித்தேன். அவள் பெயரை அடிக்கும்போது தடித்த எழுத்தில் போட ஆசையாக இருந்தது. பட்டியலில் எல்லாரும் சமம் என்பதால் போடவில்லை. அதே எழுத்தர் விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்து, ஒரு இடத்தில் நிறுத்தி, தலையாட்டினார். இன்னும் ஊர்த் தீர்மானம் மட்டும்தான் பாக்கி என்றார்.

தீர்மானத்துக்கான கூட்டத்தில் அக்கா மணலில் உட்கார்ந்தாள். கடைசி வரிசையில், ஓரமாகத்தான். ஆனால் உட்கார்ந்தாள். நான் அடித்து வைத்திருந்ததைத் தலைவர் படித்தார். கார்த்திகை பிறந்ததிலிருந்து பொங்கல் வரைக்கும் முகத்துவாரத்தில் யாரும் தொழில் செய்வதில்லை. பொங்கல் வரைக்கும் என்று முடிவு செய்தவர்கள் வலைக்காரர்கள். பொங்கல் முடிந்ததும் ஆற்றில் வளர்ந்த இறால் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். அதை வாசலிலேயே வாரிக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. உதவித்தொகை ஒரே தொகைதான். எத்தனை மாதம் மூடினாலும் ஒரு ரூபாய் கூட ஏறாது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அக்காவுக்கும் சீக்கிரம் தண்ணீரில் இறங்கக் கிடைக்குமே என்று மனதுக்குள் நிம்மதியாக இருந்தேன்.

வழக்கப்படி தலைவர் வரிக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். சம்மதம், சம்மதம் என்று வரிசையாக வந்தது. ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செல்லாது என்பது எங்கள் ஊர் முறை. கடைசியில் அவளிடம் வந்தார்.

“இன்னாமா, உனக்குச் சம்மதமா?”

“இல்ல” என்றாள் அக்கா.

இத்தனை பாடுபட்டு உள்ளே போனவள், அந்த ஒரு வார்த்தையால் தன் பணத்தையே கெடுத்துக்கொள்கிறாளே என்று எனக்குப் பட்டது.

“பொங்கலோட தொறந்தா, வெளிய போற இறால வாயிலயே வழிச்சி எடுத்துடுவீங்க. அது கடலுக்குப் போயி முட்ட வெச்சாத்தான வர்ற வருசம் உள்ள வரும்? தை முழுக்க மூடணும். அதுல மொதல் நஷ்டம் எனக்குத்தான். எனக்கு வேற தொழிலு இல்ல. அதனாலதான் சொல்றேன்.”

“பொம்பளைய உள்ள வுட்டா இப்படித்தான்” என்று வலைக்காரர் ஒருவர் முணுமுணுத்தார்.

“பொம்பளை இல்லப்பா, வரிக்காரங்க சொல்லிக்கினு கீறாங்க” என்றார் தலைவர். “கேட்டுத்தான் ஆவணும்.”

ரொம்ப நேரம் பேசினார்கள். குரல் ஏறிற்று, இறங்கிற்று. அக்கா இடத்தை விட்டு எழவில்லை. கடைசியில் தலைவர் காகிதத்தை மதில் ஓரமாக நின்ற என்னிடம் நீட்டினார். நான் ‘பொங்கல் வரைக்கும்’ என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு ‘தை மாதம் முடிய’ என்று எழுதினேன்.