கருப்புப் பட்டு அம்மாள் பனியனில் ஏறிய கதை

பனியனில் படம் அச்சடிக்கும் தொழிலில் படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவரிடமிருந்து அப்ரூவல் வந்ததா என்றுதான் கேட்பார்கள். என்னைப் போல இதில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சகாக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மண்ணரையில் ஓர் அச்சு யூனிட்டில் டிசைன் போடுகிறவன் நான். பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். சில வருடங்களுக்கு முன் பிரான்சிலிருந்து ஓர் ஆர்டர். நெஞ்சில் ஒரு பழைய ஓவியம்: கருப்புப் பட்டு உடுத்திய அம்மாள், கன்னத்தில் மச்சம். அசலைப் போலவே வர வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் எங்களோடு போட்டி போடும் பெருமாநல்லூர்க்காரருக்குப் போய்விடும். எங்களுக்கு அப்போது வேறு வேலையும் இல்லை.

சிரிப்பு

வரைந்தவரைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தேன். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பாரிஸ் அகாடமியில் படித்துப் பதக்கம் வாங்கியவர். தூரிகைத் தடமே தெரியாமல் வழவழவென்று தீட்டுவார். ஆள் இருக்கிறபடியே வரைகிறார், இது என்ன கலை என்று பின்னால் வந்த ஓவியர்கள் ஏளனம் செய்தார்களாம். எனக்கோ ஆள் இருக்கிறபடி வந்தால்தான் சோறு.

முதல் சாம்பிளை முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க, இந்தம்மா யாரு மேல இத்தன கோவமா இருக்குது? லேசா சிரிக்க வெச்சு அனுப்புங்க. வெள்ளக்காரன் என்னத்தக் கண்டானுங்க?" அசலைப் போலவே என்ற வரியை ஆர்டரில் காட்டி, அம்மாளைச் சிரிக்காமல் காப்பாற்றினேன்.

இரண்டு கருப்பு

கணவர் இறந்த மறுவருடம் அந்த அம்மாள் வரையச் சொன்ன படம் அது. துக்க உடை. மடிப்பு, பளபளப்பு, நிழல் என்று அந்தக் கருப்புக்குள் ஓவியர் பல கருப்புகளை வைத்திருந்தார். ஒரே கருப்பில் அடித்தால் தார் கொட்டியதுபோல வந்தது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறக்கும் வலைச்சட்டம்; இரண்டு கருப்புக்கு இரண்டு கேட்டேன்.

அச்சு மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் மனைவி தவறியபோது முதலில் வந்து நின்றவர். ஸ்கிரீனைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "துக்கத்துல என்ன அண்ணாச்சி லைட்டு, டார்க்கு? எல்லாம் ஒரே கருப்புதான். சரி, ஒங்களுக்காவ அடிக்கேன்."

மச்சம்

இரண்டு கருப்பில் அடித்த சாம்பிளுக்கு அப்ரூவல் வந்தது. பனியன்கள் அச்சாகி, தையல் முடிந்து, கறை கிழிசல் பார்க்கும் செக்கிங்குக்குப் போயின. மறுநாள் ஆர்டர் கொடுத்த பையரின் ஆள் பார்வையிட வருகிறார். அவர் தள்ளிவிட்டால் மொத்தமும் தள்ளுபடிச் சரக்கு விற்கும் காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குத்தான்.

செக்கிங்கில் எட்டிப் பார்த்தேன். எல்லா அம்மாள் கன்னத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவது. பூராவும் ரிஜெக்ட். அசல் படத்தின் நகலைக் கொண்டுபோய்ச் செக்கிங் பொறுப்பாளர் செல்வியிடம் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தாள். "படத்துல இருந்தா இருந்துட்டுப் போகுதுங்ண்ணா. துணியில இருந்தா எனக்குக் கறைதானுங்களே."

பார்வை

முதலாளியே தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர்களை உரித்தார். செல்வி முகம் கொடுக்காமல் உதவினாள்.

காலையில் வந்த பையரின் ஆள் சில பெட்டிகளைப் பிரித்தார். டேப் வைத்துத் தோளையும் நீளத்தையும் அளந்தார். தையலை இழுத்தார். லேபிளைப் படித்தார். பாஸ் என்று கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மச்சத்தைப் பற்றிக் கேட்டால் காட்டலாம் என்று நகலோடு நின்றிருந்தேன். கேட்கவில்லை. நானாகவே நீட்டினேன். "மூஞ்சியெல்லாம் நான் பாக்கறதில்லீங்க சார். அளவும் தையலும் சரியா இருந்தாப் போதும்."

அந்த ஓவியர் கொடுத்துவைத்தவர். அவரைக் குறை சொன்னவர்களாவது படத்தை நின்று பார்த்திருக்கிறார்கள்.