அவன் சட்டைப் பையில் இருந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் நால்வருக்கும் ஒரே இடம்தான். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் எங்களில் ஒருவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதைச் சாப்பிட்டாலும், வெந்திருந்தாலும் வேகாவிட்டாலும், "பாகுந்தி" என்பார், நன்றாக இருக்கிறதாம். இரண்டாமவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓய்வுபெற்ற வாத்தியார். கால் கிலோ பால்கோவா வாங்கி வந்துவிட்டால் தன் பங்கு வேலை முடிந்தது என்று நம்புகிறவர். மூன்றாவது, சேத்தூர்க்காரன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன், பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். சமையல் முழுக்க அவன் கையில். நான்காவது நான். வெங்காயம் உரிப்பேன், பேசுவேன். இரண்டாவது வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

நாட்டுக்கோழி வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நான் பேசுவதைக் கேட்கப் பிடிக்காமலோ என்னவோ, வாத்தியார் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு பக்கம் எழுதி வர வேண்டும். அவரவர் வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். குழம்பு கொதிக்கும்போது வாசிக்க வேண்டும். பிராய்லர் கோழி கால் மணியில் வெந்துவிடும், எழுத்துக்கு அது ஒத்துவராது என்று அன்றோடு தள்ளிவைத்தோம்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் அது எங்களைப் பிடித்துக்கொண்டது. தோப்புக்காரர் சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியதை எழுதிவந்து, பாதிக்கு மேல் வாசிக்க முடியாமல் மூக்கைச் சிந்தினார். கேட்டதற்கு மிளகாய்ப் புகை என்றார். அப்போது நாங்கள் மிளகாய் வறுக்கவே ஆரம்பித்திருக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே மனசைத் திறப்பதற்கு, கொதிக்கிற குழம்பு மாதிரி வசதியான ஏற்பாடு வேறு இல்லை.

என் பிரச்சினை வேறு. என் வாழ்க்கை ஆறே வாரத்தில் தீர்ந்துபோய்விட்டது. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது வேட்டி அவிழ்ந்தது, மேனேஜரின் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்து மாட்டிக்கொண்டது, நாய்க்குப் பயந்து தெரியாத வீட்டுக்குள் ஓடி அங்கே பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று காபி கொடுக்கப்பட்டது. எல்லாவற்றிலும் நான்தான் கோமாளி. நன்றாகச் சிரித்தார்கள். ஏழாவது வாரத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை.

பட்டாளத்தான் மட்டும் எழுதவே மாட்டான். "நீங்க வாசிங்க, நான் கிண்டுதேன்" என்பான். எல்லையில் சண்டை போட்டதைச் சொல்லும்படி மற்றவர்கள் கேட்டால், குனிந்து அடுப்பை ஊதுவான். அவன் பொய் சொன்னதில்லை. நாங்களாகவே அவன் தோளில் ஒரு துப்பாக்கியை மாட்டிவிட்டிருந்தோம்.

ஒருநாள் மற்ற இருவரும் வருவதற்கு முன் நாங்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"ஏலே, ஒண்ணு சொல்லுதேன். நான் துப்பாக்கி பிடிச்சது ட்ரெயினிங்ல மட்டுந்தான். பொறவு பூரா சமையக்கட்டுதான்" என்றான்.

நான் சிரிக்கவில்லை. அதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், என் பக்கம் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

பனிமலையில் பருப்பு லேசில் வேகாது என்றான். விடிவதற்கு முன் எழுந்து ஸ்டவ்வை மூட்டுவதற்குள் விரல் மரத்துப்போகும். காவலுக்கு மேலே ஏறுகிறவர்கள் இவன் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். "நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன். மேல போகுறதுக்கு முன்னாடி ரசம் கேட்டான். புளி இல்ல. அடுத்த வாரம் புளி வந்துச்சு. அவன் வரல."

கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "இத எழுதலாமாலே? சிரிப்பாங்களோ?"

"எழுதுலே. எவன் சிரிக்கப் போறான்?" என்றேன்.

(இதை இங்கே எழுத அவனிடம் கேட்டுவிட்டேன். அன்றைக்குக் கேட்கவில்லை. விஷயமே அதுதான்.)

இரண்டு வாரம் சாக்குச் சொல்லித் தப்பித்தேன். மூன்றாவது வாரமும் கை காலியாக இருந்தது. சனிக்கிழமை உட்கார்ந்து அவன் கதையை எழுதினேன். கடகடவென்று வந்தது. இவ்வளவு சுகமாக நான் எதையும் எழுதியதில்லை. எதிரி நடுங்குவான் என்று பார்த்தால் நம்ம ஆட்களின் வயிறுதான் நடுங்கியது என்றும், வேகாத பருப்பை எடுத்து வீசியே ஒரு படையை விரட்டியிருக்கலாம் என்றும் எழுதினேன். ரசத்தை விட்டுவிட்டேன்.

ஞாயிறன்று குழம்பு கொதித்தது. வாசித்தேன். தோப்புக்காரர் உருண்டு சிரித்தார்.

"ஏம்ப்பா, அம்புட்டு வருஷமும் உருளைக்கிழங்கையா சுட்டுக்கிட்டிருந்த?"

வாத்தியார் எழுந்து நின்று அகப்பையைத் தோளில் சாய்த்து ஒரு சல்யூட் வைத்தார். "ஜவானுக்கு வணக்கம்! இன்னைக்கு எல்லையில என்ன குழம்பு?"

பட்டாளத்தானின் கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். போன கை அங்கேயே கொஞ்சம் நின்றது, பிறகு இறங்கியது. பீடி தேடுகிறான் என்று நினைத்தேன். அவன் பீடியை விட்டுப் பல வருஷமாகிறது என்பது எனக்குத் தெரியும். குழம்பில் ஒரு துளியைக் கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு. இறக்கிரலாம்" என்றான். சாப்பாட்டை அளைந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டான். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். என் எழுத்தில் இதுதான் உச்சம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. போன் போட்டால் "சோலி கிடக்கு" என்றான். நானே சமைத்தேன். தோப்புக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, "பாகுந்தி" சொல்லாமல் தண்ணீர் குடித்தார். அதற்கடுத்த ஞாயிறும் அவன் வரவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தூர் போனேன். மன்னிப்பைக்கூட ஒரு நகைச்சுவையாகத் தயார் செய்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன் என்பதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அவன் மனைவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. அவிய மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காவ. செத்த நேரத்துல வந்துருவாவ." பிறகு முகமெல்லாம் ஆவலாகக் கேட்டாள்: "அன்னைக்கு வாசிச்சாவளாண்ணே? எல்லாரும் என்ன சொன்னிய?"

"எதம்மா?"

"பட்டாளத்துல சமைச்சதத்தான். பத்து நாளா அடுப்படியில உக்காந்து எழுதினாவ. எம்புட்டுத் தாளக் கிழிச்சாவங்கிய! வேர்வையில நனைஞ்சிரும்னு கவர்ல சுத்தி சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்தாவளே. எப்படிப் போச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்காவ."

வேட்டி அவிழ்ந்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் சொன்னது இதுதான்: "நல்லா இருந்துச்சும்மா. எல்லாரும் ரொம்ப ரசிச்சோம்."

அவள் சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள். திரும்பினால், காலி வாளியோடு அவன் நிற்கிறான். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

"மன்னிச்சிருலே" என்றேன். தயார் செய்த நகைச்சுவை ஒன்றும் வாயில் வரவில்லை.

"சிரிக்க மாட்டாங்கன்னு நீதானலே சொன்ன?"

நான் தலையாட்டினேன்.

"சரி, அந்த ரசத்த ஏன் விட்டுட்ட?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்ததும் உண்மைதான் வந்தது. "அதுல சிரிப்பு இல்லையேலே."

வாளியைக் கவிழ்த்து வைத்தான். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. குரலைத் தணித்துச் சொன்னான்: "அவகிட்ட சொன்னத அப்படியே வச்சுக்க. சந்தோஷப்படுதா. டீயக் குடிச்சிட்டுப் போ."

டீ நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று அவள் கேட்டாள். அவன் எழுத்தைப் பாராட்டியவன் நான் என்பதற்காக.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். எதுவுமே நடக்காத மாதிரி மசாலா அரைத்தான். தோப்புக்காரரின் "பாகுந்தி" திரும்பியது. இப்போதெல்லாம் அவனும் எழுதி வாசிக்கிறான். பம்ப்செட் மோட்டார் எரிந்தது, கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்தது. எங்கள் எல்லோரையும்விட அவன் பக்கம்தான் நன்றாக இருக்கும். நானும் அவனும்தான் இன்னும் வெங்காயம் உரிக்கிறோம். மழையைப் பற்றிப் பேசுகிறான். என் முட்டிவலியை விசாரிக்கிறான்.

போன மாதம் வாத்தியார்தான் கேட்டார். "ஏம்ப்பா, உன் பட்டாளத்துச் சமையலப் பத்தி நீயே ஒரு பக்கம் எழுதேன்?"

அவன் விறகை உள்ளே தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "அதான் ஏற்கெனவே வாசிச்சாச்சே வாத்தியாரே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருந்ததிலேயே என் சிரிப்புதான் சத்தமாகக் கேட்டது.