தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒரு செருப்பு

கலியபெருமாள் எங்கே போனாலும் செருப்பை ஜோடியாக விடமாட்டார். கோயிலோ கல்யாண மண்டபமோ பல் டாக்டரோ, வலது செருப்பு வாசலுக்கு இந்தப் பக்கம், இடது செருப்பு அந்தக் கோடியில். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவர் கணக்கு. இதுவரை எவனும் திருடவில்லை. அந்தச் செருப்பைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியமும் இல்லை.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி போடும் கம்பெனியில் அவருக்குப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. வாளியில் தண்ணீர் ஊற்றினால் ஒன்று ஒழுகும், இல்லை ஒழுகாது. நடுவில் பேச்சே கிடையாது. மற்றவர்கள் வேலையையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். மச்சான் அன்பழகன் அரசாங்க ஆபீசில் என்ன செய்தார் என்று தெரியாது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்குச் சாட்சி உண்டு. தெருவே மரியாதையாக முசே என்று கூப்பிடும் எதிர்வீட்டு லூயிக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன். மழையோ வெயிலோ, வந்துவிடும். ஒரே மகள் பூர்ணிமாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. ரத்தம் பொய் சொல்லாது.

அப்பேர்ப்பட்ட பூர்ணிமாதான் ஒருநாள் சாப்பிடும்போது, ராஜவேல் என்று ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்றாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, விளம்பரக் கம்பெனியில் எழுதுகிறார், இப்போது ஓர் அரிசிக் கம்பெனிக்கு என்றாள்.

“அரிசி விக்கிறானா?”

“இல்லப்பா. அரிசியப் பத்தி எழுதுறாரு.”

“வெளைய வைக்கிறவன் இருக்கான், விக்கிறவன் இருக்கான், துன்றவன் இருக்கான். இவன் யாரு நடுவுல?”

அவள் கை கழுவப் போய்விட்டாள். கலியபெருமாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இருப்பது ஒரு பெண். அவளை வாய்ஜாலத்தில் பிழைக்கிறவன் கையில் கொடுத்துவிட்டு, “நல்லா இருக்கா மாமா” என்று அவன் சொல்வதைக் காலம் பூராவும் நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? உள்ளே அது பயம். வெளியே அதற்குச் சந்தேகம் என்று பேர்.

வழக்கப்படி ராஜவேலின் தெருவுக்குப் போய் விசாரித்தார். டீக்கடைக்காரர் தங்கமான பையன் என்றார். இஸ்திரிக்காரர் தங்கமான பையன் என்றார். மருந்துக்கடை அம்மாவும் அதே தங்கம். எல்லாரும் ஒரே மாதிரி தங்கம் என்றால் எங்கேயோ பித்தளை இருக்கிறது என்று முடிவுகட்டி, நேராக அவன் ஆபீசுக்கே போனார்.

நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடி. கண்ணாடிக் கதவு. வலது செருப்பைக் கதவோரமும் இடது செருப்பைத் தண்ணீர் கேனுக்குப் பின்னாலும் விட்டுவிட்டு உள்ளே போனார். பையன் ஒல்லியாக, சட்டைப்பையில் பேனா கசிந்த கறையோடு உட்கார்ந்திருந்தான். அவன் பேர் கேட்டதற்கு நெடுமாறன் என்றார் கலியபெருமாள். பொய்க்காரனைப் பிடிக்க வந்த இடத்தில் அதுதான் முதல் பொய், சொன்னது அவர். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிப் பேப்பரில் விளம்பரம் போடவேண்டும் என்றார்.

பெண் எப்படி என்று ராஜவேல் கேட்டான். அமைதி என்றார். எதிர்த்துப் பேசமாட்டாள், சமையல் பிரமாதம் என்றார். போன வாரம்தான் பூர்ணிமா கேஸ் சிலிண்டர்காரரைத் தெருமுனை வரை விரட்டியிருந்தாள். அவள் வைக்கிற ரசத்தை முசே லூயியின் பூனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

“எழுதிடலாம் நெடுமாறன் சார். ஆனா நம்பி வர்றவன் ரசத்த வாயில வச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சா அந்தப் பொண்ணு மனசு இன்னா ஆவும்? அரிசின்னா திருப்பிக் குடுத்துடலாம்.”

கலியபெருமாள் நிமிர்ந்தார். சமையல் என்றுதானே சொன்னோம்?

“ரசம்னு யாரு சொன்னா?”

ராஜவேலுக்குக் காது சிவந்துவிட்டது. “கேனுக்குப் பின்னாடி செருப்ப வச்சிங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சி மாமா. பூர்ணிமா சொல்லியிருக்கு.”

“தெரிஞ்சும் நெடுமாறன்னு கூப்ட்டியே?”

“ஆசையா ஒரு பேரு வச்சிக்கினு வந்தீங்க. கலைக்க வேணாம்னு பாத்தேன்.”

கோபத்தை எங்கே வைப்பது என்று கலியபெருமாளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் நீதான் எப்படி எழுதுவாய், சொல்லு பார்ப்போம் என்றார். ராஜவேல் விரல்விட்டு எண்ணினான்.

“கோவம் சீக்கிரம் வரும், அதவிட சீக்கிரம் போயிடும். ரசம் சுமார். அப்பாவப் பத்தி ஒரு சொல்லு தாங்காது. இந்தச் செருப்புக் கதையச் சொன்னப்ப நான் சிரிச்சிட்டேன். ரெண்டு நாளு எங்கிட்ட பேசல.”

கலியபெருமாள் எழுந்து வந்துவிட்டார். படியிறங்கும்போதே மறுபடி சந்தேகம். எதைச் சொன்னால் அப்பன்காரன் மனசு இளகும் என்று தெரிந்து சொல்வதுதானே இவன் தொழில்?

வீட்டில் பூர்ணிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனோம் என்று சொல்லாமல், அந்தப் பையனோடு எப்போதாவது சண்டை வந்ததா என்று மட்டும் கேட்டார்.

“ஒருவாட்டி. உன் செருப்பு கதைக்கு சிரிச்சாரு. ரெண்டு நாளு பேசாம உட்டுட்டேன்.” தலையைத் தூக்காமலே சொன்னாள்.

வாளி ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ராஜவேல் தன் அம்மாவோடு வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். கலியபெருமாள் வாசலிலேயே நின்றுவிட்டார். பையனின் வலது செருப்பு மட்டும் படியோரம் கிடந்தது.

“இதுவும் விளம்பரம்,” என்று முணுமுணுத்துக்கொண்டார்.

தெருநாய் ஒன்று அதை மோந்து பார்க்க வந்தது. நாயை விரட்டிவிட்டு, செருப்பை எடுத்து உள்பக்கமாக வைத்தார். அதன் ஜோடியைத் தேடவில்லை. தானாயிருந்தால் அதை எங்கே ஒளித்திருப்போம் என்று அவருக்குத் தெரியும்.