கடிகாரம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை

கடிகாரம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் பெற்ற மூன்றும், ஆளுக்கொரு கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

சிரிக்காதீர்கள், விஷயம் சின்னது இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அம்மா வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இருபது வருட வழக்கம். அம்மா போனபின் இரண்டு மாதம் யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாவது மாதமும் விட்டுப்போனால், அப்புறம் கல்யாணத்திலும் ஆஸ்பத்திரியிலும்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டிவரும் என்று மகளுக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு அண்ணன்களுக்கு அப்புறம் பிறந்த கடைக்குட்டி அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. குடும்பக் குழுவில் அவள்தான் எழுதினாள்: "இந்த ஞாயிறு அம்மா வீட்ல சாப்பிடலாம். வழக்கம்போல ரெண்டு மணி."

பெரிய அண்ணன் உடனே குதித்தார். "ரெண்டா? எப்பவும் பன்னெண்டு மணிதானே?"

"ரெண்டு பேருக்கும் மூளை குழம்பிப் போச்சு. பன்னெண்டரை," என்றார் சின்னவர்.

பேச்சு தடித்தது. "அம்மா கண்ண மூடினதும் அம்மா நேரத்தையும் மாத்திட்டியா?" என்று பெரியவர் கேட்டது மகளுக்குச் சுருக்கென்று தைத்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. மூன்று பேரிடமும் மூன்று முயல் இருந்தது.

இத்தனைக்கும் பெற்றவள் ஒரு பஸ் டிப்போவில் டைம்கீப்பர். புருஷன் போனபோது பெரியவனுக்குப் பதினொன்று, கடைக்குட்டிக்கு மூன்று. அழுது முடிக்கக்கூட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்த வேலை அது. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்று முந்தின நாளே டிரைவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வந்த பிறகு அந்த டிப்போவில் ஒரு வண்டி தாமதமாகக் கிளம்பியதில்லை. மேலாளருக்கே ஆச்சரியம். "எப்படிம்மா? இவனுங்களை எமன் கூப்பிட்டாலும் அரை மணி லேட்டா போவானுங்களே?" என்று கேட்டால், "ஆளைத் தெரிஞ்சு வச்சிருக்கேன் சார்" என்று மட்டும் சொல்வார். டிரைவர்கள் வைத்த பெயர்தான் கடிகாரம்மா. பெற்ற பிள்ளைகளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும், தன் சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. சின்னவரின் மகள் படிக்க வந்தவள், வேலை கிடைத்த பின்னும் பாட்டியோடேயே இருந்துவிட்டாள். பாட்டி போன பின்னும் அந்த வீட்டில் அவள்தான் இருக்கிறாள். தினமும் காலையில் தெருமுனையில் ஹாரன் கேட்டதுமே பாட்டி அவள் போர்வையை உருவிவிடுவார். "எழுந்திருடி, ஏழு இருபது வண்டி போயிடுச்சு. ஏழே முக்காலையாவது பிடி." பேரன் பரீட்சைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே அவனைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடப் படியில் உட்கார வைத்து, பிஸ்கட்டையும் வாய்ப்பாட்டையும் மாறி மாறி ஊட்டியவரும் அவர்தான். அந்தப் பேரன் இப்போதும் பிஸ்கட்டைப் பார்த்தால் பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கிறான்.

ஆனால் அடேயப்பா, அந்த வயிற்றில் பிறந்தவர்களைப் பாருங்கள்! பெரியவர் தன் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் தாமதமாகப் போனவர். சின்னவர் எலக்ட்ரீஷியன். வழியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி திறந்து கிடந்தால் போதும், எட்டிப் பார்த்து நாலு யோசனை சொல்லி அரை மணியைத் தொலைத்துவிட்டுத்தான் நகர்வார். மகளோ நேர் எதிர். எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் நிற்பாள். தான் ஏறவேண்டிய ரயிலுக்கு முந்தின ரயிலை வழியனுப்பாமல் அவள் ஒரு ஊருக்கும் போனதில்லை.

அம்மா வீட்டுக்கும் அப்படித்தான். இரண்டு மணி என்றால் ஒன்றுக்கே போய்விடுவாள், கூடமாட ஏதாவது செய்யலாமே என்று. ஆனால் எப்போது போனாலும் காய் நறுக்கி, சமைத்து, அடுப்பு துடைத்து, தட்டுகூட வைத்தாகியிருக்கும். அண்ணன்கள் இருவரும் நல்ல பிள்ளைகளாக முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். "எல்லாரும் வந்தாச்சே, சாப்பிட்டுடலாம்" என்று அம்மா அப்போதே பரிமாற ஆரம்பித்துவிடுவார். "நான் என்னம்மா செய்யட்டும்?" என்றால், "நீ வர்ற நேரத்துக்கு எல்லாம் முடிஞ்சிடும், போய் உட்காரு" என்பார் அம்மா. ஒருமுறை பொறுக்கமுடியாமல் பன்னிரண்டுக்கே போய் நின்றாள். அம்மா சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்து, "காது ஓரம் வலிக்குது, சரி பண்ணிக் கொடு" என்று அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார். சட்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. கடைசி மூன்று வாரம் படுக்கையில் கிடந்தபோதும் "நீ உட்காரு, நீ உட்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தன் கை அம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை என்ற வருத்தம் மகளுக்கு உள்ளே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மாலை பெரியவர் தீர்ப்பு எழுதினார்: "நான் பன்னெண்டுக்கு வருவேன். யாராவது இருந்தா சாப்பிடுறேன். இல்லைன்னா அம்மா படத்தைப் பார்த்துட்டுக் கிளம்பிடறேன்." சின்னவர், "பன்னெண்டரைக்கு முன்னாடி என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்றார். மகள், "அம்மா எனக்குச் சொன்னது ரெண்டு. ரெண்டுக்குத்தான் வருவேன்" என்று எழுதிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து அழுதாள். அவர்கள் வந்து, சாப்பிட்டு, போயும்விடுவார்கள். தனக்கு மிஞ்சுவது கழுவாத தட்டுதான். இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

மறுநாள், சொன்னபடி இரண்டு மணிக்குத்தான் போவது என்ற வைராக்கியத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வைராக்கியம் நன்றாகத்தான் இருந்தது, கால்தான் கேட்கவில்லை. கிளம்பிவிட்டாள்.

அம்மா வீட்டுத் தெருவில் அவள் திரும்பும்போது மணி ஒன்று. எதிர்ப்பக்கத்திலிருந்து பெரியவரும் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே சின்னவர், மனைவியோடு ஸ்கூட்டரில். கை முழுக்க கரி. வழியில் எந்தப் பெட்டி திறந்து கிடந்ததோ! மூன்று பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டு மணின்னு சொன்னவ இப்பவே வந்துட்டா!" என்றார் பெரியவர்.

"பன்னெண்டுன்னு சொன்ன நீ இப்பதானே வர்றே?" என்றாள் மகள்.

சின்னவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கரிக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அண்ணிகள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான்.

கதவு திறந்தது. கையில் கரண்டியோடு சின்னவரின் மகள். உள்ளே எல்லோருக்கும் தட்டு வைத்தாகியிருந்தது. சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

"வாங்க, வாங்க. மணி ஒண்ணு. கை கழுவிட்டு உட்காருங்க."

"ஒரு மணின்னு உனக்கு யாரு சொன்னா?"

"பாட்டி வீட்ல சாப்பாடு எப்பவுமே ஒரு மணிதான் பெரியப்பா. உங்களுக்குப் பன்னெண்டுன்னு சொல்வாங்க, அப்பாவுக்குப் பன்னெண்டரைன்னு சொல்வாங்க. சனிக்கிழமை ஆறு மணிக்கு ஃபோன் பண்ணி, தனித்தனியா. டிப்போல டிரைவர்களுக்குச் சொன்ன மாதிரிதான்."

பெரியவர் அம்மா படத்தின் பக்கம் திரும்பினார். இருபது வருடமாக, ஒரு மணி தாமதமாக வந்து, அம்மா ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தமில்லாமல் நைசாகத் தட்டின் முன் உட்கார்ந்தவர் அவர். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நேரத்தைப் பற்றி யாரிடமும் வாயே திறந்ததில்லை. சின்னவரும் அதே ஜாதி. "அடிப்பாவி அம்மா! எங்களையும் டிரைவர் லிஸ்ட்ல சேர்த்துட்டியா?" என்று படத்தைப் பார்த்து பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி," என்றார் சின்னவர்.

"சொன்னா ஒரு மணின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் பெரியப்பா ரெண்டுக்கு வருவாங்க, அத்தை பன்னெண்டுக்கு வருவாங்க. அவங்கவங்க நேரத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டா சரியா வருவீங்கன்னு விட்டுட்டேன்."

மகள் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். "நான்தான் லேட்டா வர்றவ இல்லையே. எனக்கு எதுக்கு ரெண்டு மணி?"

சின்னவரின் பெண் கரண்டியை வைத்துவிட்டு அருகில் வந்தாள். "நானும் கேட்டேன் அத்தை. 'வாரம் பூரா அந்தக் கடையில நின்னுக்கிட்டே இருக்கா. சீக்கிரம் வந்தா இங்கேயும் நிப்பா. எல்லா வேலையும் முடிச்சு வச்சுட்டா, என் பொண்ணு வந்ததும் உட்காருவா'ன்னு சொன்னாங்க. உங்களுக்காகவே காலையில அஞ்சு மணிக்கு எழுந்து காய் நறுக்குவாங்க."

மகளின் கை பழக்கதோஷத்தில் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போயிருந்தது. கையை இழுத்துக்கொண்டாள். ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிய, வைத்த சோற்றையெல்லாம் சாப்பிட்டாள். யாரும் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. சின்னவர்கூடத் தட்டு கழுவினார், இரண்டை உடைத்தார்.

கிளம்பும்போது பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார். "அப்ப... அடுத்த மாசம் எத்தனை மணிக்கு?"

"சனிக்கிழமை ஆறு மணிக்கு ஃபோன் பண்றேன் பெரியப்பா," என்றாள் பெண். "தனித்தனியா."

பெரியவர் தலையாட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். படியிறங்கப்போன மகள் திரும்பி வந்து, அந்தப் பெண்ணின் காதோடு சொன்னாள். "எனக்கு ரெண்டு மணின்னே சொல்லுடி."