அகழிமேட்டுத் தெருவில் ஒரு வீடு

"இன்னும் பலமாத் தள்ளுங்க" என்று உள்ளேயிருந்து அம்சம் குரல் கொடுத்தாள்.

மருதையன் இரண்டடி பின்னால் போய் வந்து தோளால் கதவை இடித்தான். கதவு முனகியது. மேல் தாழ்ப்பாள் ஆடியது. கீழ்த் தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. பத்து வருஷமாக அரசு நெல் கிடங்கில் மூட்டை ஏறிய தோள் அது. அதற்கே திறக்கவில்லை என்றால் ஒற்றை ஆளுக்குத் திறக்காது. ஆனால் இந்தத் தெருவில் வருகிறவன் ஒற்றையாக வருவானா என்று அவனுக்குத் தோன்றியது.

"அம்மா, நீங்களும் வந்து ஒரு கை குடுங்களேன். ரெண்டு பேரு தள்ளுனா என்னாவுதுன்னு பாத்துருவோம்."

வீட்டுக்காரி கமருன்னிஸா கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். புருஷன் போய் ஆறு வருஷம். கூத்தாநல்லூரில் கடை வைத்திருக்கும் மகன் வீட்டோடு போய்விடுவதற்காக வீட்டை விற்கிறாள்.

"என் வீட்டுக் கதவ நானே ஒடைக்கணுமா? நல்லாருக்கே. தம்பி, கிரயம் ஆவுற வரைக்கும் அது என் கதவு. ஒடச்சீங்கன்னா வேணாம்னு சொல்ல முடியாது, ஒங்க தலையிலதான் கட்டுவேன்."

மருதையனின் பெண்டாட்டி அம்சம் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். மருதையன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தித் திறந்து சாத்திப் பார்த்தான்.

நாட்டு ஓடு போட்ட வீடு. முன்பக்கம் ஒரு அறை, நடுவில் ஒரு கூடம், அடுப்படி, கொல்லையில் கைபம்பு. சுவர் நேராக நின்றது. கிடங்கில் மூட்டை அட்டி போடும்போது அடி மூட்டை ஈரமாக இருந்தால் மேலே எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் பத்து நாளில் சாய்ந்துவிடும். அதனால் அவன் சுவரின் அடியைத்தான் குனிந்து பார்த்தான். தொட்டும் பார்த்தான். ஈரம் இல்லை. வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருதான் குறை.

அந்தத் தெருவில் நல்ல வீடு சல்லிசாக வருவதற்குக் காரணம் தஞ்சாவூரில் எல்லோருக்கும் தெரியும். மதுவிலக்கு இருந்தது; தெருவில் சாராயம் இருந்தது. லாரி டியூப்பில் நிரப்பி, சைக்கிள் பின்னால் கட்டி, மேலே சாக்கு போட்டு வரும். தெருமுனையில் ஒரு கொடிக்கம்பமும் அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சும் இருந்தன. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கம்பத்தின் வர்ணம் மாறும், பெஞ்சில் உட்கார்ந்து சாராயத்தை நடத்தும் துரைராசு மாறமாட்டான். மாசி மாதத்தில் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருவனைக் குத்திப் போட்டிருந்தார்கள்.

மருதையனின் மகள் வேம்பு ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து இந்த வீட்டுக்கு வர இரண்டு வழி. ஒன்று அகழியின் கரை, அதில் ஆள் நடமாட்டமே கிடையாது. இன்னொன்று அந்தப் பெஞ்சு. மூன்று நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, இரண்டு வழியிலும் மருதையன் நடந்து பார்த்தான். எது தேவலை என்று முடிவு செய்ய முடியவில்லை. யாரும் இல்லாதது ஒரு பயம். ஆள் இருப்பது இன்னொரு பயம்.

மூன்றாம் நாள் முனை டீக்கடையில் உட்கார்ந்தான்.

"நம்ம தெரு ஆளுவள அவனுவ தொட மாட்டானுவ" என்றார் டீ மாஸ்டர். "வெளியாளத்தான்."

"வெளியாளுன்னா?"

"புதுசா வர்றவங்க."

"எத்தன நாளைக்குப் புதுசு?"

டீ மாஸ்டர் கிளாசைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "அது ஆளப் பொறுத்துங்க."

அப்போது துரைராசுவே வந்தான். முப்பது வயசிருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை. மருதையனைப் பார்த்து, "அண்ணே, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டான். மருதையன் கொடுத்தான். பற்ற வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். ஆனால் வீடு திரும்பும் வரை அந்த முகமே மருதையனின் கண்ணில் நின்றது.

வேண்டாம் என்று விட்டுவிடலாம். விட்டால் எங்கே போவது என்பதுதான் கேள்வி.

நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், பண்ணையின் மனைக்கட்டில் போட்ட குடிசையில் பிறந்தவன் அவன். கூலி கேட்டுத் தகராறு நடந்த வருஷம் அவன் குடிசையில் செங்கொடி கட்டியிருந்தான். பண்ணையாட்கள் வந்து குடிசையைப் பிரித்தார்கள். எரிக்கவில்லை, பிரித்துப் போட்டார்கள். மூங்கிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு வயது வேம்புவைத் தோளில் வைத்துக்கொண்டு அம்சத்தோடு ரயிலேறினான். மூன்று வருஷம் கழித்து, குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வந்தது. அங்கேயே இருந்த தம்பி அரசப்பனுக்குப் பட்டா கிடைத்தது. மருதையன் குடியிருக்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை.

தஞ்சாவூரில் இது ஆறாவது வாடகை வீடு. வீட்டுக்காரர்கள் முதலில் ஊரைக் கேட்பார்கள். பிறகு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இந்த வீட்டுக்காரர் கேட்கவில்லை. அரசு உத்தியோகம் என்றதும் மரியாதையாகச் சாவியைக் கொடுத்தார். போன மாதம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஊரிலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்று, ஊரில் எந்தத் தெருக்காரர் என்பதையும் சொல்லி விலாசம் விசாரித்தார்கள். நாலு நாள் கழித்து வீட்டுக்காரர் வந்து, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். அவருக்கு ஒரே பெண். அவளுக்கு ஏழு வயது.

கமருன்னிஸா ஒன்றும் கேட்கவில்லை. "கறி சமைப்பீங்கல்ல? பொகை போவ நல்ல வழி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பதிவு என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை மருதையன் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கினான். டீக்கடையில் ஒரு தட்டை இரவல் வாங்கி அதில் எல்லாவற்றையும் வைத்தான். இதை அவன் யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. ஊரில் குடிசைக்கு ஒரு மூங்கில் மாற்ற வேண்டுமென்றாலும் அவன் அப்பா இப்படித்தான் போய் நிற்பார். ஓர் இடத்தில் குடியேறுவதற்கு முன் அந்த இடத்தின் பெரிய கையிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது. கேட்டுவிட்டால் ஒரு பாதுகாப்பு.

துரைராசு பெஞ்சில் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தான். மருதையன் தட்டை நீட்டினான். தோளிலிருந்த துண்டு எப்போது கக்கத்துக்குப் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது.

"என்னண்ணே இது? யாருக்குக் கல்யாணம்?"

"இல்லீங்க. எம்பேரு மருதையன். கமருன்னிஸாம்மா வீட்ட வாங்கலாம்னு இருக்கேன். ஒங்க காதுல ஒரு வார்த்த போட்டுட்டு..."

பக்கத்தில் இருந்தவன் பக்கென்று சிரித்தான். "தொர, ஒன்னய பாத்து பாக்குவெத்தல வைக்கிறாருடா. மாப்ள பாக்க வந்திருக்காரு போல!"

துரைராசுவும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். தட்டைப் பார்த்தான். மருதையனின் கக்கத்தைப் பார்த்தான். ஒரு வெற்றிலையை எடுத்து நுனியைக் கிள்ளித் தொடையில் துடைத்தான். பெஞ்சில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். ஒரு ஆள் ஒரு நாற்காலியில் உட்காரப் பழகுவது மாதிரி இருந்தது.

"எப்ப பதியிறீங்க?"

"நாளைக்குங்க."

"நாளைக்கு அட்டமி. வேணாம். நான் சொல்றப்ப பதியலாம்."

"சரிங்க" என்று வந்துவிட்டது வாயில்.

"அந்த வீட்டுல முன்னால ஒரு ரூம்பு இருக்குல்ல? அதுல நம்ம சாமான் கொஞ்சம் கெடக்கும். சாவி ஒண்ணு எங்கிட்ட குடுத்துரு. வியாழக்கெழம வா, பாப்போம்."

மருதையன் நின்றான்.

"போய்ட்டு வா, மருதை."

அன்றைக்கு டீக்கடையில் அண்ணே. இப்போது மருதை. அவன் அப்பாவைப் பண்ணை வீட்டுச் சின்னப்பிள்ளைகள் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

அங்கிருந்து நேரே கமருன்னிஸா வீட்டுக்குப் போனான். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடித்ததும் கயிற்றைக் கீழே போட்டாள்.

"யா அல்லா! அவங்கிட்டயா தாம்பூலம் வச்சீங்க? மூக்கு ஒழுவ என் வாசல்ல வந்து ஆப்பம் கேட்டு நின்ன பய அவன்."

"புள்ள போவ வர இருக்கணும்மா. அதான்..."

"பத்தொம்போது வருசம் இருந்திருக்கேன். ஆறு வருசம் தனியா. சாமான் வைக்கட்டுமான்னு ஒரு நாளு கேட்டான். வைக்காதடான்னேன். ராத்திரி ரெண்டு ஓடு ஒடஞ்சுது. மாத்துனேன். அப்பறம் கேக்கல. தெருவுல பதினாறு வீடு இருக்கு, பயந்துகிட்டுத்தான் இருக்கோம். ஆனா யாரும் அவங்கிட்டப் போயி, எசமானே, நான் இங்க இருக்கட்டுமான்னு கேட்டதில்ல. நீங்க போயி கேட்டிருக்கீங்க!"

மருதையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு அட்டமியும் கெடையாது நவமியும் கெடையாது. நாளைக்குப் பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசுல நிப்பேன். வந்தா வாங்க. வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன். சங்கடமா நெனைக்காதீங்க."

சாயங்காலம் வாடகை வீட்டில் அம்சத்திடம் சொன்னான். அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நிமிரவே இல்லை.

"துண்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கக்கத்துல."

அவள் பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்தாள்.

"வேணாம் அம்சம். விட்டுருவோம். இப்ப அவன் சொல்ல மீறிப் பதிஞ்சா சும்மா இருக்க மாட்டான். சொன்னபடி கேட்டா முன்னறையில சாராயம் இருக்கும். போலீசு வந்தா என்னயத்தான் புடிச்சிட்டுப் போவான். வேல போயிடும். நான் ஒரு மடையன். வாயத் தொறக்காம இருந்திருந்தா தீப்பெட்டி கேட்டுட்டுப் போயிருப்பான்."

"மடையன்தான்" என்றாள் அம்சம்.

வேம்பு பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்த முன்னறை எனக்குன்னு சொன்னியேப்பா."

அம்சம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இங்க மட்டும் என்ன? வாசல்ல ஊர்க்காரவுக யாராச்சும் சைக்கிள நிறுத்துனா ஓடிப்போயி உள்ள கூப்புட்டுக் கதவச் சாத்துறேன். சொந்தத் தம்பியவே வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்லி வச்சிருக்கோம். அந்தத் தெருவுல பயந்தா, நம்ம வீட்டுல ஒக்காந்து பயப்படலாம்."

"கல்லு விடுவான்."

"விடட்டும்."

"கத்தி எடுத்தான்னா?"

வேம்பு புத்தகத்தை மூடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருதையன் எழுந்து போய் அலமாரியில் இருந்த, கிரயம் எழுதிய முத்திரைத்தாளை எடுத்தான். கமருன்னிஸா வாங்கிக் கொடுத்திருந்தது. வீட்டின் நான்கு எல்லையையும் படித்தான். திருப்பி வைத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் எடுத்துப் படித்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அட்டமி என்பதால் பதிவு அலுவலகத்தில் கூட்டமில்லை. பதினோரு மணிக்குள் முடிந்துவிட்டது. கமருன்னிஸா கைநாட்டு வைத்தாள், மருதையன் கையெழுத்துப் போட்டான். அவள் இரண்டு சாவியையும் கொடுத்தாள். ஒன்று சிக்கும், தேங்காயெண்ணெய் விடுங்கள் என்றாள். கூத்தாநல்லூர் பஸ்ஸில் அவளையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிவிட்டார்கள். அம்சம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பஸ் சத்தத்தில் மருதையனுக்குக் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றினார்கள். மருதையன் இழுத்தான், அம்சம் பின்னால் தள்ளினாள். துரைராசு பெஞ்சில் இருந்தான்.

"மருதை. நான் சொன்னனே."

மருதையன் வண்டியை நிறுத்தினான். மூச்சு வாங்கியது.

"சொன்னீங்க, தம்பி. பதிஞ்சாச்சு. சாமான் வைக்க எடமில்ல. மவ படிக்கிறா."

பக்கத்தில் இருந்தவன் எழுந்திருக்கப் போனான். துரைராசு கையைக் காட்டினான், அவன் உட்கார்ந்தான். மருதையன் வண்டியை இழுத்தான். கைப்பிடி வேர்வையில் வழுக்கியது. வீடு வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்சம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார்கள். நாலரை மணிக்கு மருதையன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வேம்புவைக் கூட்டிக்கொண்டு பெஞ்சு வழியாகவே வந்தான். பெஞ்சில் இருவர் இருந்தார்கள், துரைராசு இல்லை. வேம்பு முன்னறையில் புத்தகங்களை அடுக்கினாள். ஐந்தரை மணிக்கு அடுப்படிக்கு மேலே கல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று விழுந்தது. மூன்று ஓடு உடைந்தது. மருதையன் கொல்லையில் கிடந்த பழைய ஓடுகளில் நல்லதாகப் பொறுக்கினான். பக்கத்து வீட்டுக்காரர், பேர் தியாகேசன் என்று சொன்னார், கேட்காமலே ஏணியைச் சுவருக்கு மேலாகக் கொடுத்தார். யார் எறிந்தது என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஓடு மாற்றி முடிந்தது. மருதையன் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். ரெண்டு நாள் அங்கேயே இருக்கட்டும் என்று தியாகேசன் சொன்னார். மருதையன் அதைக் கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்தான்.